நம்பகமற்ற பனிப்பொழிவும் பனிச்சறுக்குத் தளங்களின் எதிர்காலமும்: உத்தராகண்ட் மாநிலத்தின் அவுலியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குளிர்காலப் பனிப்பொழிவு ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடும் ஒரு பகுதியில் பனிச்சறுக்குத் தளத்தின் எதிர்காலத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. கார்வால் இமயமலையில் அமைந்துள்ள அவுலி இதற்குரிய களமாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. சராசரிப் பனிப்பொழிவைக் காட்டிலும், பத்து ஆண்டுகளில் எத்தனை ஆண்டுகள் போதிய பனி நிலைத்திருக்கிறது என்னும் நம்பகமே முடிவெடுப்பதற்குரிய அளவுகோல் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. செயற்கைப் பனி இந்த நம்பகமின்மையை நீக்கிவிடுவதில்லை; அதைக் குளிர், நீர், நிலம் ஆகிய மூன்றின் மீது மாற்றி வைக்கிறது. அவுலியைப் பொறுத்தவரை இம்மூன்றில் நிலமே இறுதி வரம்பாக அமைகிறது என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: அவுலி, ஜோஷிமட், குல்மார்க், வெண்பனி, மேற்கத்திய இடையூறு, ஈரக்குமிழ் வெப்பநிலை, செயற்கைப் பனி, நிலத்தாழ்வு

1. முன்னுரை

2018 ஜனவரியில் அவுலியில் பன்னாட்டுப் பனிச்சறுக்குப் போட்டி ஒன்று நடைபெறுவதாக இருந்தது. பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஏற்பைப் பெற்ற சரிவு அங்கு இருந்தது. செயற்கைப் பனி இயந்திரங்களும், அவற்றிற்கு நீர் தரும் செயற்கை ஏரியும் இருந்தன. ஆயினும் குறித்த நாளில் சரிவில் போதிய பனி இல்லாமையால் போட்டி கைவிடப்பட்டது. 2023 பிப்ரவரியில் அங்கு நடைபெறவிருந்த தேசியப் போட்டிகளும் இதே காரணத்தால் நிறுத்தப்பட்டன.

இந்நிகழ்வுகளைத் தற்செயலான இடர்களாகக் கருதுவோர் கூடுதல் இயந்திரங்களையும் கூடுதல் முதலீட்டையும் தீர்வாக முன்வைக்கின்றனர். காலநிலை மாற்றத்தின் தவிர்க்க முடியாத விளைவாக மட்டும் கருதுவோர் பனிச்சறுக்கை அடியோடு கைவிடுவதே வழி என்கின்றனர். எதை அளந்தால் ஒரு தளத்தின் எதிர்காலம் தெரியவரும் என்னும் அடிப்படை வினாவை இவ்விரு நிலைப்பாடுகளும் எழுப்புவதில்லை. பொதுப்பணம் செலவிடப்படும் இடத்தில், அதிலும் நிலம் தாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு நகரின் மேற்புறத்தில் அது செலவிடப்படும்போது, இவ்வினா தவிர்க்க இயலாததாகிறது.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் ‘பனி’ என்னும் சொல் பெரும்பாலும் இரவில் படியும் நீர்த்துளியைக் குறிக்கும். முன்பனி, பின்பனி என்னும் பருவப்பெயர்களும் அதையே சுட்டுகின்றன. இக்கட்டுரையில் வானிலிருந்து படிக வடிவில் பொழிவது ‘வெண்பனி’ எனப்படுகிறது. ‘பனிப்பொழிவு’, ‘பனிச்சறுக்கு’, ‘செயற்கைப் பனி’ ஆகிய வழக்குகள் நிலைபெற்றுவிட்டமையால் அவ்வாறே ஆளப்படுகின்றன.

2. அவுலி: இடமும் பின்னணியும்

அவுலி உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், ஏறத்தாழ 30.5 டிகிரி வடக்கு அட்சரேகையில் அமைந்துள்ளது. சறுக்குச் சரிவுகள் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 மீட்டர் முதல் 3,050 மீட்டர் வரையிலான உயரத்தில் உள்ளன. அதன் அடிவாரத்தில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், ஜோஷிமட் நகரம் இருக்கிறது. பத்ரிநாத் செல்லும் வழியில் உள்ள இந்நகரை 1990களில் அமைக்கப்பட்ட, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவட ஊர்தி அவுலியுடன் இணைத்தது.

2011 ஜனவரியில் முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் டேராடூனிலும் அவுலியிலும் நடைபெற்றன. செயற்கைப் பனி இயந்திரங்கள் இப்போட்டிகளை ஒட்டியே நிறுவப்பட்டன. அந்த வகையில் அவுலி தொடக்கத்திலிருந்தே இருவேறு நோக்கங்களைச் சுமந்துவருகிறது. ஒன்று, பன்னாட்டுப் போட்டிக்குரிய விளையாட்டுக் களமாக இருத்தல்; மற்றொன்று, வெண்பனியைக் காண வரும் பயணிகளால் உள்ளூர் மக்களுக்குக் குளிர்கால வருவாய் கிடைக்கச் செய்தல். முதலாவதற்குக் குறித்த நாளில், குறித்த தடிமனில் பனி வேண்டும். இரண்டாவதற்கு மெல்லிய படலமும், பின்னணியில் நந்தாதேவிச் சிகரமும் போதும். இவ்வேறுபாடு திட்டமிடலில் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

3. பனிப்பொழிவு ஏன் நம்பகமற்றதாகிறது?

மேற்கு இமயமலையின் குளிர்காலப் பொழிவுக்குப் பெரும்பங்கு காரணமாக அமைபவை மேற்கத்திய இடையூறுகள். மத்தியதரைக் கடற்பகுதியிலும் அதனையடுத்த மேற்காசியப் பகுதியிலும் உருவாகும் இக்காற்றழுத்த அமைப்புகள், மேல்வளி மண்டலத்தின் மேலைத்தாரைக் காற்றோடு கிழக்கு நோக்கி நகர்கின்றன. மலைத்தொடரில் மோதி உயரும்போது குளிர்ந்து மழையாகவோ வெண்பனியாகவோ பொழிகின்றன. குளிர்காலத்தில் மாதத்திற்கு ஏறத்தாழ 4 முதல் 7 வரையிலான இடையூறுகள் இந்தியாவை அடைகின்றன.

இவ்வெண்ணிக்கை சிறியது என்பது கருதத்தக்கது. பருவம் முழுவதற்கும் உரிய பனி ஒரு சில வலுவான நிகழ்வுகளிலேயே கிடைத்துவிடுகிறது. அவற்றில் இரண்டு மூன்று நிகழ்வுகள் வலுவிழந்தாலோ, வடக்கு நோக்கி விலகிச் சென்றாலோ, அவ்வாண்டின் கணக்கே மாறிவிடும். இடையூறு வந்துசேர்ந்தாலும் அப்போது உறைநிலை மட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அடுத்த நிபந்தனை. வளிமண்டலத்தில் உயரம் கூடக்கூட வெப்பநிலை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆகவே, 1 டிகிரி வெப்ப உயர்வு உறைநிலை மட்டத்தை ஏறத்தாழ 150 மீட்டர் மேலே தள்ளும். மொத்தம் 550 மீட்டர் உயர வேறுபாடே உடைய அவுலியில், அதே ஈரப்பதம் கீழ்ச்சரிவில் மழையாகவும் மேற்சரிவில் வெண்பனியாகவும் பொழிவதற்கு இந்த வேறுபாடு போதும்.

அட்சரேகையும் இதில் பங்கு பெறுகிறது. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் நடுப்பகுதி ஏறத்தாழ 46 டிகிரி வடக்கில் உள்ளது. டிசம்பர் மாதக் கதிர்த்திருப்ப நாளின் நண்பகலில் அங்குச் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 21 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அவுலியில் ஏறத்தாழ 36 டிகிரி உயரத்தில் நிற்கிறது. எனவே, தெளிந்த நாளில் அவுலியின் கிடைத்தளத்தில் விழும் பனி கூடுதலான கதிர்வீச்சைப் பெறுகிறது. அதிக உயரத்தால் கிடைக்கும் குளிரின் நன்மையில் ஒரு பகுதியை வெயில் திரும்பப் பெற்றுக்கொள்கிறது எனலாம். பனி விழுவதும், விழுந்த பனி நிலைப்பதும் வேறு வேறு.

4. சராசரியும் நம்பகமும்

ஐரோப்பிய ஆய்வுகள் பனி நம்பகத்தை அளக்க ‘நூறுநாள் விதி’யைப் பயன்படுத்திவந்துள்ளன. 1986இல் விட்மர் முன்வைத்த இவ்விதியின்படி, டிசம்பர் தொடக்கம் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையிலான காலத்தில் குறைந்தது 100 நாட்கள், பனிச்சறுக்குக்குப் போதுமான ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தடிமனில் பனி இருத்தல் வேண்டும். பின்வந்த ஆய்வாளர்கள் இதனுடன், பத்துக் குளிர்காலங்களில் ஏழிலேனும் இந்நிபந்தனை நிறைவேற வேண்டும் என்பதைச் சேர்த்தனர். இவ்விரண்டாம் பகுதியே நம் விவாதத்திற்கு இன்றியமையாதது.

ஒரு கற்பிதமான எடுத்துக்காட்டைக் கொள்வோம். ‘அ’ என்னும் தளத்தில் ஆண்டுதோறும் 90 முதல் 110 நாட்கள் பனி நிலைக்கிறது. ‘ஆ’ என்னும் தளத்தில் ஐந்து ஆண்டுகள் 180 நாட்களும் ஐந்து ஆண்டுகள் 20 நாட்களும் நிலைக்கிறது. இரண்டின் சராசரியும் 100 நாட்களே. ஆனால், ‘ஆ’ தளத்தில் கடன் வாங்கி விடுதி கட்டியவர் சராசரியைக் கொண்டு தவணை செலுத்த இயலாது. ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால், பத்தில் ஏழு நல்ல ஆண்டுகள் உள்ள இடத்தில் குறிப்பிட்ட இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பொய்க்கும் நிகழ்தகவு 9 விழுக்காடு. பத்தில் ஐந்து எனில் அது 25 விழுக்காடு. பயிற்றுநர், கருவிகளை வாடகைக்கு விடுபவர், விடுதிப் பணியாளர் போன்றோர் தொழிலில் நீடிப்பதும் வெளியேறுவதும் இந்த வேறுபாட்டால் முடிவாகின்றன.

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2007இல் வெளியிட்ட ஆல்ப்ஸ் குறித்த அறிக்கை இவ்வகை அளவுகோலின் பயனைக் காட்டுகிறது. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 666 தளங்களில் 609 தளங்கள் அன்றைய நிலையில் இயற்கைப் பனி நம்பகம் உடையவையாக இருந்தன. வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால் இவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 500 ஆகவும், 2 டிகிரி உயர்ந்தால் 404 ஆகவும், 4 டிகிரி உயர்ந்தால் 202 ஆகவும் குறையும் என அவ்வறிக்கை மதிப்பிட்டது. 

எனினும், நூறுநாள் விதியை அவுலிக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. அவ்விதி ஐரோப்பியக் கிறித்துமஸ் விடுமுறையையும் நீண்ட சறுக்குப் பருவத்தையும் முன்னிறுத்தி உருவானது. மேற்கு இமயமலையின் அண்மைய அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது. காஷ்மீரின் குல்மார்க் 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் வெண்பனியின்றிக் கிடந்தது. அதே ஆண்டு பிப்ரவரி இறுதியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அங்கு நடைபெற்றன. 2025 பிப்ரவரியில் நடக்கவேண்டிய அடுத்த போட்டி பனியின்மையால் ஒத்திவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடைபெற்றது. இரண்டு ஆண்டுகளிலும் பனி வந்தது. ஆனால், எதிர்பார்த்த நாளில் வரவில்லை. இரண்டே நிகழ்வுகளைக் கொண்டு பருவம் நிலையாகப் பின்னோக்கி நகர்ந்துவிட்டது என முடிவு செய்ய இயலாது. எனினும், ‘பனி உண்டா’ என்பதோடு ‘எந்த வாரத்தில் உண்டு’ என்பதையும் அளவுகோலில் சேர்க்க வேண்டும் என்பதை இவை உணர்த்துகின்றன.

குல்மார்க்கிற்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள புல்வெளியிலிருந்து 1998இலும் 2005இலும் இரு கட்டங்களாக அமைந்த கம்பிவட ஊர்தி, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரமுள்ள அஃபர்வாட் மலைத்தோள் வரை செல்கிறது. கீழே பனி குறைந்தால் மேலே செல்லலாம். அவுலியின் சறுக்குச் சரிவுகளோ 3,050 மீட்டரோடு முடிந்துவிடுகின்றன.

5. செயற்கைப் பனி: குளிரும் நீரும்

இயற்கை பொய்த்தால் இயந்திரம் ஈடுசெய்யும் என்பது பரவலான நம்பிக்கை. இயந்திரம் செய்வது இதுதான்: அழுத்தப்பட்ட நீரை நுண்துளிகளாகக் காற்றில் தெளிக்கிறது, துளிகள் நிலத்தை அடையுமுன் உறைகின்றன. துளி உறைவதற்குக் காற்றின் வெப்பநிலை மட்டும் காரணமன்று, ஈரப்பதமும் காரணம். உலர்ந்த காற்றில் துளியின் ஒரு பகுதி ஆவியாகி எஞ்சிய பகுதியைக் குளிர்விக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. பொதுவாக இது மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே செல்லும்போதுதான் வழக்கமான இயந்திரங்கள் பயன்தரும் அளவில் இயங்குகின்றன. காற்றின் வெப்பநிலை 0 டிகிரியாக இருக்கும்போது, ஒப்பு ஈரப்பதம் 100 விழுக்காடு எனில் ஈரக்குமிழ் வெப்பநிலையும் 0 டிகிரி. ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடு எனில் அது ஏறத்தாழ மைனஸ் 4 டிகிரி.

இதிலிருந்து அவுலிக்குச் சாதகமான ஒரு செய்தி பெறப்படுகிறது. மேற்கத்திய இடையூறுகள் வராத குளிர்காலம் பெரும்பாலும் மேகமற்றதும் உலர்ந்ததுமாகும். அத்தகைய இரவுகளில் நிலம் விரைந்து குளிரும்; ஈரப்பதமும் குறைவாக இருக்கும். ஆகவே, இயற்கைப் பனி பொய்த்த ஆண்டிலேயே இயந்திரத்திற்குரிய இரவுகள் கிடைக்க வாய்ப்புண்டு. அவ்வாய்ப்பு எவ்வளவு என்பது ஊகத்திற்குரியதன்று. சரிவின் அடியிலும் உச்சியிலும் மணிவாரியாக வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிவுசெய்தால், நவம்பர் முதல் ஜனவரி வரை மைனஸ் 2 டிகிரிக்குக் கீழான மணிகளை எண்ணிவிடலாம். இயந்திரம் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய கணக்கு இது.

அடுத்தது நீர். 1,300 மீட்டர் நீளமும் சராசரியாக 40 மீட்டர் அகலமும் உடைய ஒரு சரிவைக் கற்பிதமாகக் கொள்வோம். அதன் பரப்பு 5.2 ஹெக்டேர். அதன்மேல் 30 சென்டிமீட்டர் பனி பரப்ப 15,600 கனமீட்டர் பனி வேண்டும். செயற்கைப் பனி இயற்கைப் புதுப்பனியைவிட அடர்த்தி மிக்கது. கனமீட்டருக்கு 400 முதல் 500 கிலோகிராம் எனக் கொண்டால், தேவைப்படும் நீர் 6,240 முதல் 7,800 கனமீட்டர், அதாவது 62 லட்சம் முதல் 78 லட்சம் லிட்டர். காற்றில் அடித்துச் செல்லப்படுவதும், ஆவியாவதும், உருகிய இடத்தில் மீண்டும் பொழிவதும் இதில் சேரவில்லை. மலையோடைகள் மெலிந்திருக்கும் காலத்தில் இந்நீர் தேவைப்படுவதால், அதை முன்கூட்டியே உயரத்தில் தேக்கிவைக்க வேண்டியுள்ளது. இவ்வாறு பனியின் நம்பகமின்மை முதலில் குளிர் மணிகளின் மீதும், பிறகு நீர்த்தேக்கத்தின் மீதும் இடம் மாறுகிறது.

2023இல் வெளியான ஓர் ஆய்வு, 28 ஐரோப்பிய நாடுகளின் 2,234 தளங்களை ஆராய்ந்தது. 2 டிகிரி வெப்ப உயர்வில், செயற்கைப் பனி இல்லையெனில் 53 விழுக்காட்டுத் தளங்கள் மிக உயர்ந்த பனிப் பற்றாக்குறை இடரை எதிர்கொள்ளும் என்றும், சரிவுகளில் பாதிக்குச் செயற்கைப் பனி அளிக்கப்பட்டால் இது 27 விழுக்காடாகக் குறையும் என்றும் அது கண்டறிந்தது. இயந்திரங்கள் பயனற்றவை அல்ல. அவை தரும் பாதுகாப்புக்கு எல்லை உண்டு என்பதே இதன் பொருள்.

6. நிலத்தின் தாங்குதிறன்

அவுலியின் வினா ஆல்ப்ஸின் வினாவிலிருந்து வேறுபடும் இடம் இதுவே. ஜோஷிமட் பழைய நிலச்சரிவின் படிவுகள் மீது அமைந்த நகரம். 1976இல் அமைக்கப்பட்ட மிஸ்ரா குழு இதைச் சுட்டிக்காட்டி, கனரகக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தவும், சரிவைத் தாங்கும் பாறைகளை அகற்றாதிருக்கவும், வடிகால்களைச் சீரமைக்கவும் பரிந்துரைத்தது. 2023 ஜனவரியில் நகரின் வீடுகளிலும் சாலைகளிலும் பெரும் விரிசல்கள் தோன்றின; 868 கட்டடங்களில் விரிசல் பதிவானது. 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையிலான 12 நாட்களில் நிலம் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததாகச் செயற்கைக்கோள் படங்களின் முதற்கட்ட ஆய்வு காட்டியது. தாழ்வின் மேல்விளிம்பு ஜோஷிமட்–அவுலி சாலையருகே, 2,180 மீட்டர் உயரத்தில் இருந்ததாக அதே ஆய்வு குறித்தது. அம்மாதமே கம்பிவட ஊர்திச் சேவை நிறுத்தப்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டைப் பேணுதல் வேண்டும். நிலத்தாழ்வுக்குப் பனிச்சறுக்கே காரணம் என்று கூறுவதற்கு ஆதாரமில்லை. சரிவின் இயல்பு, வடிகால் குறைபாடு, கட்டடப் பெருக்கம், மண்ணில் இறங்கும் நீர் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. செயற்கைப் பனி உருகித் தரும் நீரும் அளவில் பெரிதன்று: மேற்கண்ட கணக்கின்படி சரிவின் மீது அது 120 முதல் 150 மில்லிமீட்டர் நீருக்குச் சமம். பருவமழை தரும் நீரோடு ஒப்பிட இது சிறிது. இடர் வேறிடத்தில் உள்ளது. ஓரிடத்தில் குவித்துத் தேக்கப்படும் நீர், அதன் கசிவு, குழாய்ப்பாதைகள், விரிவாக்கப்படும் சாலை, கழிவுநீர் வடிகாலின்றிப் பெருகும் விடுதிகள் ஆகியன அனைத்தும் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு சரிவின் மேற்புறத்தில் அமைகின்றன. பனியின் பற்றாக்குறையை ஈடுசெய்ய நாம் சேர்க்கும் ஒவ்வொரு கட்டமைப்பும் கீழேயுள்ள நகரின் பாதுகாப்போடு தொடர்புடையதாகிறது.

7. எஞ்சியுள்ள வாய்ப்புகள்

இவற்றால் அவுலிக்கு எதிர்காலமே இல்லை என்பது பெறப்படாது. மூன்று வழிகள் கருதத்தக்கவை.

முதலாவது, நாட்காட்டியை நெகிழ்வாக்குதல். போட்டிக்கு ஒரே தேதியை அறிவிப்பதற்கு மாறாக, பிப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை ஒரு கால இடைவெளியை அறிவித்து, பனித்தடிமன் உறுதியான பின் நாளைக் குறிக்கலாம். செலவு குறைந்த இவ்வழியில் புதிய கட்டுமானம் எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, செயற்கைப் பனியைச் சிறு பரப்பிற்குள் நிறுத்துதல். தொடக்கநிலைப் பயிற்சிக்குரிய ஒரு ஹெக்டேர் சரிவுக்கு 30 சென்டிமீட்டர் பனி தர 1,200 முதல் 1,500 கனமீட்டர் நீர் போதும். உள்ளூர் இளைஞர்களின் பயிற்சியையும் பயிற்றுநர்களின் வருவாயையும் இது காக்கும். பன்னாட்டுப் போட்டிக்குரிய முழுச்சரிவை ஆண்டுதோறும் மூடும் முயற்சியோடு ஒப்பிட இதன் சுமை சிறிது.

மூன்றாவது, வருவாயைப் பனியிலிருந்து பிரித்தல். ஸ்காட்லாந்தும் நம்பகமற்ற பனியுடைய பகுதியே. அங்கு நெவிஸ் மலைத்தொடர்ச் சறுக்குத்தளத்தில் 2002 முதல் உலகக் கோப்பை மலைமிதிவண்டிப் போட்டிகள் நடைபெற்றுவந்துள்ளன. சறுக்குவோரை ஏற்றிச்சென்ற ஊர்தியே கோடையில் மிதிவண்டிகளையும் ஏற்றிச்சென்றது. அதே நாட்டின் கெய்ர்ன்கார்ம் மலையில் 2001இல் திறக்கப்பட்ட மலைரயில், 2018இல் கட்டமைப்புக் குறைபாட்டால் மூடப்பட்டுச் சில ஆண்டுகள் இயங்காமல் நின்றது. பெரிய ஒற்றைக் கட்டமைப்பைச் சார்ந்திருப்பதன் இடரை இது காட்டுகிறது. அவுலியின் கோடைப்புல்வெளியும் மலையேற்ற வழிகளும் பனியைச் சாராத வருவாய்க்கு உரியன. ஆயினும், இவ்வருவாயும் ஜோஷிமட்டின் தாங்குதிறனுக்கு உட்பட்டதே.

8. முடிவுரை

நம்பகமற்ற பனியுள்ள பகுதியில் ஒரு பனிச்சறுக்குத் தளத்தை மதிப்பிடுகையில் வினாக்கள் வரிசையாக எழுப்பப்பட வேண்டும். பத்தில் எத்தனை ஆண்டுகள், எந்த வாரங்களில் போதிய பனி நிலைக்கிறது? நிலைக்காத ஆண்டுகளில் இயந்திரத்திற்குரிய குளிர் மணிகள் எத்தனை? அதற்குரிய நீர் எங்கிருந்து வரும்? அந்நீரையும் அதைச் சார்ந்த கட்டுமானங்களையும் நிலம் தாங்குமா? ஆல்ப்ஸில் இவ்வரிசை பெரும்பாலும் மூன்றாம் வினாவோடு நிறைவடைகிறது. அவுலியில் நான்காம் வினாவை முதலில் எழுப்ப வேண்டும். அதற்கு விடை ‘இல்லை’ எனில் முதல் மூன்றின் விடைகள் எவ்வளவு சாதகமாயினும் பயனில்லை.

ஆகவே, அவுலியில் வெண்பனி ஒரு நல்ல ஆண்டின் பேறாகக் கொள்ளப்பட வேண்டுமேயன்றி, முதலீட்டின் அடித்தளமாகக் கொள்ளப்படலாகாது. சரிவின் அடியிலும் உச்சியிலும் பனித்தடிமன், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றைத் தொடர்ந்து அளந்து பொதுவில் வெளியிடுவதே முதற்பணியாகும். ஓர் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு; ஆனால், அடுத்த இயந்திரத்தை வாங்கலாமா வேண்டாமா என்பதை அதுவே சொல்லும். விரிசல் கண்ட வீடுகளில் வாழ்ந்துவரும் ஜோஷிமட் மக்களுக்கும் அக்கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.